ஆலம் மஞ்சளான விவரம்

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை, பகல் 11.40

மதிப்புக்குரிய மச்சான் சடையன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எல்லம்மாளின் கணவனும், பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஒரு வண்டியைக்கூட நேரத்துக்கு முன்னால் விடாதவனுமாகிய பரசுராமன் வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே அனைவரும் சுகம். வேலூரில் நீங்களும் அக்காவும் உங்கள் மகள் சினேகாவும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். நம்பத்தான் முடியும், விசாரிக்க வழியில்லை. சினேகாவைக் கட்டாமல் என் மகன் மாறன் தனக்குப் பிடித்த பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சொன்ன அன்று நீங்கள் என் நம்பரை பிளாக் செய்தீர்கள், இன்றோடு நாலு மாதம் ஆறு நாள். உங்கள் தங்கச்சி நம்பரையும் செய்துவிட்டீர்கள். ஆகவே தபால். தபாலை பிளாக் பண்ண இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. (மாறன் கல்யாண போட்டோவுக்குச் சினேகா ஹார்ட் போட்டிருந்தது. உங்களுக்குத் தெரியாதென்றால் இந்த வரியை விட்டுவிடவும்.)

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், எதிர்வீட்டு சுப்பிரமணி சம்சாரம் உங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறது. தட்டில் மஞ்சள் தண்ணீர், அதற்குப் பின்னால் என் மருமகள் வர்ஷா. பார்த்துவிட்டு நீங்கள், "நான் அப்பவே சொன்னேன்ல, அந்த நயினார் வீட்டுப் பொண்ணு ராசி இப்படித்தான்" என்று பதில் போட்டீர்களாம். அதையும் அந்தம்மா தெருக்குழாயடியில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டது. மச்சான், உங்கள் தங்கச்சி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "எங்க அண்ணன் வாயிலயா அந்த வார்த்தை வந்துச்சு"ன்னு கேட்டுக் கேட்டு மூக்கைச் சிந்துது. வந்த பெண் வீட்டுக்குள் நடமாடுகிறது, அதன் காதிலும் விழுந்திருக்கும். ராசியில்லாதவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது. ஆகவே நடந்ததை நிமிஷ வாரியாக எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போளூர்ப் பக்கம் பெண் வீட்டில் தாலி கட்டி முடித்து, சம்பந்தி குணபாலன் கண் கலங்கி வழியனுப்ப, நாங்கள் கிளம்பி வாசலில் கார் நின்றபோது மணி 4.05. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரை. இருபத்தைந்து நிமிஷம் கையில். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, இன்னொன்றை அறுத்து அரை மூடியைத் திருஷ்டி சுற்றித் தெருவில் போட்டது போக, அரை மூடி மிச்சம். அப்போது ஆலத் தட்டு வருது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, குங்குமமா அப்படி ஒரு செகப்பு. நம்ம ஜாதியில்லாத பொண்ணு, தெருவே கண்ணு வச்சிருக்கு, திருஷ்டிக்கு ஆலமும் நல்லது, எலுமிச்சையும் நல்லது, ரெண்டும் சேந்தா ஜாஸ்தி நல்லதுதானேன்னு அந்த அரை மூடி தட்டுல பிழியப்பட்டது. யார் பிழிந்தார் என்பது இங்கே முக்கியமில்லை. மணி 4.09. செகப்பு போச்சு, மச்சான். கண் முன்னாடியே பளிச்னு மஞ்சள். "இன்னாடி இது, ஆலம் வெளுத்துப் போச்சு!"ன்னு சுப்பிரமணி சம்சாரம் போட்ட சத்தத்துல கிரிவலப் பாதையில போற ஜனமே திரும்பியிருக்கும். உடனே போனை எடுத்து ஒரு கிளிக்.

வேறு ஆலம் கரைத்திருக்கலாமே என்பீர்கள். கரைத்ததைச் சுற்றாமல் கொட்டினால் வாசலுக்கு ஆகாது என்று சொன்னதும் அதே அம்மாதான். பெண்ணை நாலரைக்கு மேல் உள்ளே விடக்கூடாது, மஞ்சள் ஆலம் சுற்றி விடக்கூடாது, சுற்றாமலும் விடக்கூடாது. பெண் படிக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. மாறன் என்னை முறைக்கிறான். எல்லம்மாள் என் கையில் இருந்த எலுமிச்சைத் தோலையே பார்க்கிறாள்.

இந்த இடத்தில்தான் உங்கள் மருமகள், அதாவது என் மகள் தென்றல், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம், முன்னால் வந்தது. அதற்கு டைட்ரேஷன் பிராக்டிகலில் அரியர் இருப்பது உங்களுக்குத் தெரியும். "ஒரு சொட்டு ஒழுங்கா ஊத்தத் தெரியல, உம் பொண்ணுக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி" என்று பொங்கலுக்கு நாலு பேர் நடுவில் நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. விஷயம் என்னவென்றால், ஆசிட்டில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசான ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டுமாம். இதுக்கு ஒரு சொட்டு ஜாஸ்தியாகி மேடம், "என்னம்மா, ரோஸ் மில்க் போட்டிருக்கியா?" என்று கேட்டார்களாம். மூன்று தடவையும் ரோஸ் மில்க்.

அந்தப் பெண் சொல்லுது: "அப்பா, ஒண்ணும் ஆகல. மஞ்சள் ஒரு இண்டிகேட்டர். சுண்ணாம்புல செவக்கும், எலுமிச்சையில வெளுக்கும். விட்ட புளிப்புக்குச் சரியா சுண்ணாம்பு விட்டா திரும்பச் செவந்துடும்." "அப்ப டப்பாவோட கொட்டு"ன்னேன். "ஐயோ, ஜாஸ்தியானா ரத்தம் மாதிரி கருத்துடும்ப்பா!" ரத்த நிறத்தில் ஆலம் என்றால் அடுத்த போட்டோவை யோசித்துப் பாருங்கள்.

உடனே கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி என் மருமகளுக்குப் பக்கத்தில் படியில் வைத்துக் கணக்குப் போட்டது. சாறு ஐந்து மில்லி, அதில் சிட்ரிக் ஆசிட் பாயிண்ட் மூணு கிராம், அதை நூற்றுத் தொண்ணூற்றிரண்டால் வகுத்து என்னென்னவோ செய்து ஒரு விடை எழுதியது. எழுதிய வேகத்தில், "மூணு! மூணு!" என்று தலையில் தட்டிக்கொண்டு அடித்துவிட்டு மூன்றால் பெருக்கியது. ஒவ்வொரு சிட்ரிக் ஆசிட்டிலும் மூன்று புளிப்பு இருக்கிறதாம், ஒன்று என்று போட்டுவிட்டதாம். தானாகவே தப்பைக் கண்டுபிடிக்கிற புத்தி நம் குடும்பத்தில் யாருக்கு மச்சான் இருக்கிறது? கணக்கு வந்தது: இரண்டு பட்டாணி அளவு சுண்ணாம்பை இருபது ஸ்பூன் தண்ணீரில் கலக்கினால், அதில் பத்து ஸ்பூன் போக வேண்டும். மணி 4.16.

முதல் ஸ்பூன் விட்டது. விட்ட இடத்தில் சிவப்பாக ஒரு சுழி வந்து மறைந்தது. இரண்டு, மூன்று, ஆறு ஸ்பூன். வருது, போவுது. ஜனம் முணுமுணுக்குது. ஒன்பது ஸ்பூன் ஆகியும் மஞ்சள்தான். நான் வாட்சைப் பார்த்தேன். "பயப்படாதப்பா, இது பஃபர். எலுமிச்சையும் சுண்ணாம்பும் பாதி சேந்து நிக்குது, ஊத்துறதையெல்லாம் தாங்கிக்கும். தாங்குற சக்தி தீந்தா ஒரே சொட்டுல மாறிடும்" என்று சொல்லிவிட்டு, ஸ்பூனை வைத்துவிட்டு, சொட்டு மருந்து ஃபில்லரைக் கொண்டு வரச் சொன்னது. அப்புறம் சொட்டு. ஒரு சொட்டு, தட்டை ஆட்டும், நிற்கும். இன்னொரு சொட்டு. தெருவே தட்டைத்தான் பார்க்குது. என் மருமகள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நயினார்கள் என்றால் சமணர்கள், பயந்தால் சொல்கிற மந்திரம் இருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது ஸ்பூன் இருபத்துமூன்று சொட்டு. மணி 4.27. தட்டு முழுக்கக் குங்குமச் சிவப்பு. இருபத்துநாலாவது சொட்டு ஃபில்லர் நுனியில் தொங்குது மச்சான், என் பொண்ணு அதை விடல! கையை இழுத்துக்கிச்சு! மூணு தடவை ரோஸ் மில்க் போட்ட கை! எல்லம்மாள் ஆலம் சுற்றிப் பொட்டு வைத்தாள், 4.28க்கு வர்ஷா வலது காலை எடுத்து உள்ளே வைத்தது. சுப்பிரமணி சம்சாரம் இந்தச் சிவப்பைப் போட்டோ எடுக்கவில்லை. எடுத்தாலும் உங்களுக்கு அனுப்பாது. ஆகையால் அந்த ஆலத்திலேயே கொஞ்சம் எடுத்து மூடி வைத்து, இந்தக் கடிதத்தின் நாலு மூலையிலும் தடவியிருக்கிறேன். கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தக் குடும்பத்துக்கு பஃபர் உங்கள் தங்கச்சிதான். இருபத்தெட்டு வருஷமாக நான் உங்களைப் பற்றிப் பேசுவதையும் நீங்கள் என்னைப் பற்றிப் பேசுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு நிறம் மாறாமல் இருந்தவள். இப்போது அதற்குத் தாங்குற சக்தி தீர்ந்துவிட்டது. நேற்று சாம்பாரில் உப்பு கம்மி என்றேன், கரண்டி பறந்தது. நீங்கள் ஒரே ஒரு போன் பண்ணினால் போதும். வருகிற பௌர்ணமிக்கு மதியமே வந்துவிடுங்கள். மருமகள் பொழுது சாய்ந்தால் சாப்பிடாது, ஆகவே விருந்து பகலில். மருமகள் நல்ல பெண், ராணிப்பேட்டையில் ஏதோ லேபில் வேலை. ரத்தம் எடுக்கிற லேபாக இருக்கும், கேட்கக் கூச்சமாக இருந்தது. என் மகள் போலக் கெமிஸ்ட்ரி எல்லாம் தெரியாவிட்டாலும் அடக்கமான பெண்.

அக்காவுக்கு என் வணக்கம், சினேகாவுக்கு ஆசிகள், உங்கள் வீட்டு நாய்க்கும் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
பரசுராமன்
(டைம் கீப்பர், ஓய்வு)

பி.கு.: மணி 1.20. உறையில் போடும் முன்னால் பெருமையாக இதை உரக்கப் படித்தேன். தென்றல் பாதியிலேயே முகத்தை மூடிக்கொண்டது. "அப்பா, அது மந்திரம் இல்ல. மூணால பெருக்குனு அண்ணிதான் சொன்னாங்க. பஃபர்னு சொன்னதும் அவங்க. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு, நிறுத்துனு சொன்னதும் அவங்கதான். நான் அந்த இருபத்துநாலையும் விட்டிருப்பேன்." விசாரித்தால் மருமகள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியாம். மருந்துக் கம்பெனி லேபாம். ஒரு நாளைக்கு முப்பது டைட்ரேஷனாம். ராசியில்லை என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தன் ஆலத்தைத் தானே சிவக்க வைத்துக்கொண்டு, பேரை என் மகளுக்குக் கொடுத்துவிட்டு, தலை குனிந்து நின்றிருக்கிறது. "ஏம்மா சொல்லல?" என்றேன். "தென்றல் கை நடுங்காம நின்னுச்சு மாமா, அதுவும் பெருசுதானே" என்கிறது. டைம் கீப்பர் எழுதிய பதிவை அடிக்க மாட்டான், கீழே திருத்தம்தான் எழுதுவான். ஆகவே மேலே மகளைப் புகழ்ந்திருக்கும் இடங்களிலெல்லாம் மருமகள் என்று படித்துக்கொள்ளவும். கை மட்டும் மகளுடையது. எலுமிச்சை என்னுடையது.

மூலையில் தடவிய சிவப்பு காற்றுப் பட்டு, வேலூர் வந்து சேர்வதற்குள் மஞ்சளாகிவிடலாம் என்றும் மருமகள் சொல்கிறது. ஆனால் ஆகட்டும் மச்சான். நல்ல சேதி எழுதும் கடிதத்துக்கு நாலு மூலையிலும் நாம் மஞ்சள்தானே தடவுவோம்?