மண்புழு மகாராணியே, வருக வருக!

ஒரகடம் பக்கத்தில் ஃபிளெக்ஸ் வைக்காமல் எந்த நல்ல காரியமும் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ், சர்ச்சில் புதுநன்மைக்கு ஃபிளெக்ஸ், கடன் போட்டு வாங்கிய ஆட்டோவுக்கும் ஃபிளெக்ஸ். அந்த மண்ணில் பிறந்துவிட்டு, விஞ்ஞான மாநாட்டுக்கு மட்டும் அடக்க ஒடுக்கமாக ஒரு காகிதப் போஸ்டரோடு போய்விடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். தொழிற்சாலையில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, பால் மாதிரி ஒரு கூலண்ட், அது மண்ணில் கலந்தால் மண்புழுவுக்கு என்ன ஆகும் என்பது என் ஆராய்ச்சி. (“செத்துப் போகும். இதக் கண்டுபிடிக்க ஒரு வருசமா?” என்றார் அம்மா.) எவ்வளவு கலந்தால் எத்தனை சாகும் என்பதுதான் விஷயம். கூலண்ட் ஏற ஏற, பிழைத்த புழுக்களைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்குப் புல்லரிக்கும். பஸ்ஸில் போகும்போதுகூட போனில் எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் வேறு ஏதோ நினைத்திருப்பார்கள்.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் நச்சுயியல் மாநாடு. அதில் என் ஆராய்ச்சியைப் போஸ்டராக வைக்க என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! போதாததற்கு என் வழிகாட்டி மேடம் ஒரு சேதி சொன்னார். பெங்களூர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிறாராம், போஸ்டர்களைச் சுற்றிப் பார்த்து ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறாராம். அது கிடைக்காவிட்டால் மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கணக்கு எழுதும் வேலைக்கு அப்பா ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். எனக்குப் பெங்களூர்தான் வேண்டும். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

சென்னைக்குப் போய் அச்சடிக்கக் கிளம்பியபோது அக்கா வீட்டுக்காரர் செல்வம் மாமா குறுக்கே வந்தார். (தொழில் கார் கம்பெனி லைனில். குடும்பத்தில் ஃபிளெக்ஸ் இலாகாவும் அவருடையதுதான்.)

“மெட்ராஸுக்கு இன்னாத்துக்குமா போற? நம்ம பாஸ்கர் கட கீது. பென்டிரைவக் குடு. நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு நேரா ஹாலுக்கே எட்தாந்துடறேன்.”

“அப்படியே அச்சடிச்சா போதும் மாமா. எதையும் சேர்க்க வேணாம்.”

“எனக்குத் தெரியாதா?”

அந்தப் பதிலிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மாநாட்டன்று கஞ்சி போட்ட காட்டன் சேலையோடு ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் எல்லார் போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. என் பலகை மட்டும் காலி. வாசலில் ஹாரன் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு குட்டியானை லோடு வண்டி. அதிலிருந்து மாமாவும் ஷிப்ட் நண்பர்களும் யூனிபார்மோடு குதித்தார்கள். பின்னாலேயே இறங்கியது, சவுக்குக் கட்டைச் சட்டத்தில் அடித்த ஃபிளெக்ஸ். கல்யாண மண்டப வாசலில் நிற்குமே, அந்த அளவு.

ஹால் கதவுக்குள் அது நுழையவில்லை. வாசலிலேயே நிமிர்த்திவிட்டார்கள்.

இடது பக்கம் நான், அக்கா கல்யாணத்தில் கட்டிய பட்டில், கும்பிட்டபடி. தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள். மேலே ‘மண்புழு மகாராணியே, வருக வருக!’ கீழே வரிசையாக உறவினர் முகங்கள். நடுவில் என் வரைபடம். அதன் வலது மூலையை மறைத்துக்கொண்டு கூலிங் கிளாஸோடு மாமா.

மயக்கம் வந்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. என் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“மாமா! கோடு ஏன் ஏறுது?”

“அதுவா? எறங்குமொகமா இருந்தா நல்லா இல்லன்னு பாஸ்கர் திருப்பி வுட்டான்மா. நல்ல காரியம் பாரு.”

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “அப்ப கூலண்ட் ஊத்தினா மண்புழு செழிப்பா வளருமா?”

திரும்பினேன். பெங்களூர் விஞ்ஞானி. பக்கத்தில் என் மேடம், என்னைத் தெரியாதவர் மாதிரி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், என் கோட்டைத் தொடாதீர்கள்! “இல்ல சார், சாகும்! எல்லாம் சாகும்!” என்று கத்தினேன். பதிவு மேசையிலிருந்து கறுப்பு மார்க்கரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். கோட்டைச் சரியான இடத்தில் தொடங்கி இழுத்தேன். இறங்கியது, இறங்கியது, கூலண்ட் அதிகமாகும் இடத்தில் மாமா இருந்தார். நான் நிறுத்தவில்லை. கூலிங் கிளாஸைக் கடந்து, மூக்கைப் பிளந்து, மீசையில் போய் முடிந்தது.

“ஏய், ஏய், மூஞ்சிம்மா அது!”

“இங்கதான் மாமா பாதிப் புழு சாகுது!”

ஷிப்ட் நண்பர்கள் விசிலடித்தார்கள். விஞ்ஞானி மட்டும் சிரிக்காமல் கேள்வி கேட்டார். மண் எங்கே எடுத்தாய், ஈரம் எவ்வளவு, கூலண்ட் கலக்காத மண்ணில் எத்தனை செத்தது. நாற்காலி மேல் நின்றபடியே, மாமாவின் மீசையை மார்க்கரால் தட்டித் தட்டிப் பதில் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பேசியதே இல்லை.

போஸ்டர் பரிசு கிடைக்கவில்லை. (‘அளவு மீறல்’ என்றார்கள். நியாயம்தானே?) மாலையில் விஞ்ஞானி மேடத்திடம் வந்தார். “சொந்த மாமா மூஞ்சியையே கிழிச்சாலும் டேட்டாவ விட்டுக் கொடுக்கல. இந்தப் பொண்ணு எனக்கு வேணும்” என்றார். அப்போதுதான் மேடத்துக்கு என்னை மறுபடி அடையாளம் தெரிந்தது.

பெங்களூர் போய்ச் சேர்ந்த அன்று ஆய்வுக்கூடமே எழுந்து நின்று கும்பிட்டது. ஃபிளெக்ஸின் போட்டோ எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

அசல் ஃபிளெக்ஸ் இன்று அக்கா வீட்டு பைக்குக்கு மழை மறைப்பு. வீட்டில் யாருக்கு எது இறங்கினாலும், அக்கா பையனின் கணக்கு மார்க் ஆகட்டும், மாமாவின் ஓ.டி. சம்பளம் ஆகட்டும், ஒரே வைத்தியம்தான்: “பாஸ்கராண்ட குடு, ஏத்திக் குடுப்பான்.”

போன மாதம் அப்பாவுக்குச் சர்க்கரை எகிறிவிட்டது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்பா அசரவில்லை. என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“அந்த பாஸ்கரு, எறக்கியும் குடுப்பானா?”