அத்தானின் சிவப்பு மிஷினும் நாலு சதுர மீட்டரும்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களின் மேலான கவனத்துக்கு, தம்பி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தம்பி பெண்டாட்டியும் நலம். அங்கு தாங்களும், தங்கள் மகனும் மருமகளும், மூன்றாவது மாடி பால்கனியில் தாங்கள் வளர்த்துவரும் நாலு தொட்டிச் செடிகளும் நலம் என்று நம்புகிறேன்.

இதற்குள் உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் ‘தாங்கள்’ போட்டால் எதையோ உடைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன் கைக்கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்ட அன்றுகூட உன்னை வாசலிலேயே நிறுத்தி “வாருங்கள், அமருங்கள்” என்றவன்தானே நான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தானின் புல்வெட்டி செத்துப்போய் இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. உட்கார்ந்துகொள். தண்ணீர் குடி. பிறகு மீதியையும் படி.

வீட்டை விற்றுவிட்டு மகனோடு போகும்போது பீரோவையும் கட்டிலையும் யார் யாருக்கோ கொடுத்தாய். அந்தச் சிவப்பு மிஷினை மட்டும் என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, “இத யாருக்கும் குடுத்துடாதடா, இந்தச் சத்தம் மட்டும் நிக்காம பாத்துக்கோ, எனக்கு அது போதும்” என்றாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மிஷினை ஓட்டும்போது அத்தான் பாடுவாரே, அந்த இரைச்சலில் தன் பாட்டு யாருக்கும் கேட்காது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளுமே, அதையெல்லாம் மறக்க முடியுமா. பிளேடைச் சாணை பிடிக்கும்போதெல்லாம் மிஷினின் அடிவயிற்றில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைப்பார். இருபத்து மூன்று கோடு. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது, நீ வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டும் அதே இரண்டு வருஷம். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் எனக்கு வக்கில்லை, அழ வைக்காமலாவது இருக்கலாம் என்றுதான் இத்தனை நாள் மூச்சு விடவில்லை.

எப்படிச் செத்தது என்று கேட்பாய். என் தவறு எள்ளளவும் இல்லை. மழைக்குப் பிறகு புல் முழங்காலைத் தொட்டதும் மிஷினை வெளியே இழுத்து, துடைத்து, மூடிகளைத் திறந்து, ஊற்ற வேண்டிய எண்ணெயையும் ஊற்ற வேண்டிய பெட்ரோலையும் என் கையாலேயே ஊற்றினேன். கண்ணாடி அப்போது என் நெற்றியில் இருந்தது என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்கிறாள். நெற்றியில் இருந்தால் என்ன, கண்ணுக்குப் பக்கம்தானே. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு இருமல். இன்னொரு முறை இழுத்தேன், வெள்ளையாகக் கொஞ்சம் புகை. அதற்குப் பிறகு நாற்பது முறை இழுத்தும் அது வாயைத் திறக்கவில்லை, என் தோள்பட்டைதான் கத்தியது. அன்று சாயங்காலமே அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு, புல்வெட்டி விற்று ரிப்பேரும் செய்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பழச இங்க விட்டுட்டுப் போங்க சார், புதுசுல கழிச்சுக்கலாம்” என்றார். அந்தச் சிவப்பு மிஷினை அங்கே இருந்த பழைய இரும்புகளுக்கு நடுவே விட்டுவிட்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. அத்தானையே அங்கே உட்கார வைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து நீ போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வியே “மிஷின் எப்படிடா இருக்கு?” என்றுதான். “ரொம்ப நல்லா இருக்கு” என்று நான் கூசாமல் சொன்னேன். ஐந்தாம் நாள் நீ திடீரென்று, “கொஞ்சம் ஓட்டுடா, சத்தத்தக் கேக்கணும் போல இருக்கு” என்றாய். உன் தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினேன். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்து ஓட்டினாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நான் சொன்னதை அவள் உடனே செய்தது அன்றுதான். மிக்ஸி நின்றதும் உன் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. அத்தான் ஞாபகத்தில் அழுகிறாய் என்று புரிந்தது. போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஏமாற்றினாலும் ஏமாற்றினோம், பதினைந்தாம் தேதி நீ இங்கே வருவதற்குள் அத்தான் பேர் சொல்லும்படி ஒரு நல்ல மிஷினாவது வாங்கி வைத்துவிட வேண்டும் என்று அப்போதுதான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கடைக்குப் போனால் கடைக்காரருக்கு ஓயாத இருமல். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். ஆனால் தங்கமான மனிதர். “எதையும் எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க சார், பிடிக்கலேன்னா கொண்டு வந்துடுங்க” என்றார். சுவரில் ஒரு பெரிய அட்டை. இருநூறு சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் சின்னத் தோட்டம், இருநூறிலிருந்து அறுநூறு வரை நடுத்தரத் தோட்டம், அதையும் தாண்டினால் பெரிய தோட்டம். “உங்களுது எது சார்?” என்றார். முப்பது வருஷம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. “நடுத்தரம்” என்றேன். வீட்டுக்கு வந்து டேப் பிடித்து அளந்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.

உன் தம்பி பெண்டாட்டி சிரித்தாள். “சின்னதுன்னே சொல்லிடுங்களேன், இப்ப என்ன கிரீடம் எறங்கிடப் போகுது?” என்றாள். அத்தான் தன் மிஷினைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ‘நடுத்தரத் தோட்டத்துக்கு ஏத்த மிஷின்’ என்றுதான் சொல்வார். அதை நம்பி நீ என்னிடம் கொடுத்திருக்கிறாய். அது வந்து சேர்ந்த இடம் ஒரு சின்னத் தோட்டம் என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது? அந்த நாலு சதுர மீட்டர் எங்கேயாவது இருந்தே தீரும் என்று மறுபடி அளந்தேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் அளந்தேன், இல்லை. அதை அப்படியே மனதில் ஓரமாக வைத்துவிட்டு மிஷின்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் இன்ஜினே இல்லாமல் கையால் தள்ளுகிற உருளை மிஷின். சத்தமில்லை, புகையில்லை, வெட்டவும் இல்லை. நான் தள்ளிக்கொண்டு போகும்போது புல்லெல்லாம் மரியாதையாகக் குனிந்தது, நான் போனதும் நிமிர்ந்து நின்றது. இரண்டாவது, கரண்டில் ஓடுவது. இது வெட்டியது, நன்றாகவே வெட்டியது. புல்லை ஒரு பத்தடி வெட்டியது, பிறகு தன் வயரையே வெட்டிக்கொண்டது. வீட்டுக்குள் ஃபியூஸ் போனதில், தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்த உன் தம்பி பெண்டாட்டிக்கு மோட்டார் நின்று தண்ணீர் வரவில்லை. தலை நிறைய நுரையோடு வெளியே வந்து, “அந்த வயரு உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?” என்றாள். நான் ஃபியூஸைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றாவதுதான் ரோபோ. ஆமை மாதிரி இருக்கும், தானே போகும், தானே வெட்டும், பசித்தால் தானே வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஒரே ஒரு வேலைதான், தோட்டத்தின் எல்லை நெடுக மண்ணுக்கடியில் ஒரு கம்பி பதிக்க வேண்டும், அதைத் தாண்டி அது போகாது. எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக ஒரு இயந்திரம் என்னிடம் எல்லை கேட்கிறது. பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தேன், வரைபடத்தை விரித்தேன், மூலைக்கல்லைத் தோண்டிப் பார்த்தேன். அக்கா, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் நம் எல்லைக்கு ஓரடி உள்ளே வந்திருக்கிறார். பதிமூன்று மீட்டர் நீளத்துக்கு ஓரடி. பெருக்கிப் பார்த்தால் நாலு சதுர மீட்டருக்கு ஒரு கைக்குட்டை அளவுதான் குறைவு, அதை நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். நம் தோட்டம் நடுத்தரத் தோட்டம் என்பது அன்று காலை பத்தே முக்காலுக்கு ஐயம் திரிபற நிரூபணமானது.

டாக்டர் கிளினிக்குக்குப் போன நேரமாகப் பார்த்து, சட்டப்படி உள்ள எல்லையில் கம்பியைப் பதித்தேன். அந்த எல்லை அவருடைய பூப்பாத்திக்கு நடுவில் போகிறது என்பது உண்மைதான், அதற்கு வரைபடம் என்ன செய்யும். ரோபோவைத் தட்டிவிட்டேன். அதுபோல ஒரு நேர்மையான ஊழியரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. நான் போட்ட கோடு வரை போனது, ஒரு அங்குலம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. டாக்டர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது பாத்தியில் ஒரு பாதி பூத்துக் குலுங்கியது, மறுபாதி ராணுவத்தில் சேர்ந்தவன் தலை மாதிரி இருந்தது. அவர் என்னையும் ஆமையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவர் அதைக் கேட்கக்கூட இல்லை.

மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல்லுக்கு அவரிடம்தான் முன்பதிவு. போகவில்லை என்றால் பயந்துவிட்டேன் என்று ஆகும், போனால் என்ன ஆகும் என்று தெரியாது. போனேன். நாற்காலியைப் படுக்க வைத்தார், வாயைத் திறக்கச் சொன்னார், வாய்க்குள் ரெண்டு கருவியை வைத்துவிட்டு, “எல்லை எது வரைக்கும் சார், இங்கயா, இல்ல இன்னும் கொஞ்சம் உள்ளயா?” என்று கேட்டார். வாயை மூட முடியாத அந்த நிலையில் நான் கேட்ட மன்னிப்பு எந்த மொழியில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குப் புரிந்தது. கம்பியை அன்றே எடுத்துவிட்டேன், புதுச் செடிகளும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். தோட்டம் மறுபடி நூற்றுத் தொண்ணூற்றாறு ஆகிவிட்டது.

ரோபோவைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான், அக்கா, எனக்கு விடிந்தது. கடையின் பின்பக்கம் ஒரு பச்சை மிஷின். பளபளவென்று கிளிப் பச்சை. புதியது இல்லை, யாரோ போட்டுவிட்டுப் போனதைச் சரிசெய்து வைத்திருக்கிறார்களாம். மெக்கானிக் கயிற்றை ஒரே ஒரு தடவை இழுத்தார், இன்ஜின் பிடித்துக்கொண்டது. என்ன ஆகியிருந்தது என்று கேட்டேன். “யாரோ ஒரு புண்ணியவான் சார், எண்ணெய் ஊத்துற எடத்துல பெட்ரோலையும், பெட்ரோல் ஊத்துற எடத்துல எண்ணெயையும் ஊத்தி வச்சிருக்காரு” என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “இப்படியும் ஒரு ஆளா, கண்ணு எங்க இருந்துச்சாம்?” என்று கேட்டேன். கடைக்காரருக்கு இருமல் வந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து, “ரிப்பேர் கூலி மட்டும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க சார்” என்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வியாபாரியா என்று நான் மலைத்துப்போனேன்.

இன்று காலை அதில்தான் தோட்டம் முழுக்க வெட்டினேன். ஆமை விட்டுவைத்ததையும் வெட்டினேன். தோட்டம் இப்போது சலூனுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன் சத்தம்கூட அத்தான் மிஷினின் சத்தம் மாதிரியே கேட்கிறது. குற்றம் செய்த மனசு, அதனால் அப்படிக் கேட்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டிக்கொண்டே இருக்கும்போது எனக்கே தெரியாமல் நான் பாட ஆரம்பித்திருக்கிறேன், டாக்டர் ஜன்னலைச் சாத்தினார்.

பதினைந்தாம் தேதி நீ வாசலில் வந்து இறங்கி, “மிஷின் எங்கடா?” என்று கேட்கும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம். அத்தான் பொருளைக் காப்பாற்றத் தெரியாத தம்பியை நீ திட்டு, ரெண்டு நாள் பேசாமல்கூட இரு. வராமல் மட்டும் இருந்துவிடாதே. பெரியவளாகிய உன் ஆசி என் தலைமேல் எப்போதும் இருக்கட்டும், மருமகளுக்கும் மகனுக்கும் என் அன்பு, தொட்டிச் செடிகளுக்கும்தான்.

என்றும் உன்,
ஒன்றுக்கும் உதவாத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்பு, மிஷினைக் கழுவலாம் என்று கவிழ்த்தேன். அடிவயிற்றில் பச்சை பெயிண்ட் படவில்லை, சிவப்புதான். ஆணிக் கோடுகள் இருக்கின்றன அக்கா. எண்ணினேன், இருபத்து மூன்று. இரண்டு தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டு எண்ணினேன். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதே. போனில் நான் சொன்னது எல்லாம் உண்மை, அத்தான் மிஷின் ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் புண்ணியவான் யார் என்பதை மட்டும் கேட்காதே.

அண்ணி, இது நான், உங்க தம்பி பெண்டாட்டி. தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். எண்ணெயும் பெட்ரோலும்தான் மாறியிருக்கு, மிஷினுக்கு ஒண்ணும் ஆகலைன்னு மெக்கானிக் மறுநாளே நம்ம வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னதோ, நான் உடனே உங்களுக்குச் சொன்னதோ, நீங்க சொன்ன பச்சையைத்தான் அடித்தார்கள் என்பதோ இன்னும் இவருக்குத் தெரியாது. மிக்ஸி போட்ட அன்றைக்கு நீங்க சிரிப்பை அடக்க முடியாமல் திணறினதை அழுகை என்று நினைத்து சாப்பிடாமல் இருந்தார். அன்றைக்கே சொல்லியிருப்பேன், பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரெண்டு வருஷம் கழித்து உங்க சிரிப்பைக் கேட்கிறேன் அண்ணி, நிறுத்த மனசு வரவில்லை. வரும்போது சிவப்பு பெயிண்ட் வாங்கிட்டு வாங்க. சின்ன டப்பாவா, நடுத்தரமா, பெரிசா என்று இவரிடம் மட்டும் கேட்டுடாதீங்க.