தோண்டாமலே சொல்லுகிறவர்

மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்பதை மண்ணைவிட நன்றாக அறிந்த ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். தோண்டாமலே சொல்லுகிறவர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஒரு சத்தம் காதில் விழுந்தால் போதும், பொருள் இன்னது, அதன் குணம் இன்னது, அதற்காகக் குனியலாமா கூடாதா என்பது வரை சொல்லி முடித்துவிடுவார். சொன்ன பிறகு எதற்குத் தோண்ட வேண்டும்? தோண்டுவது சந்தேகக்காரர்களின் வேலை.

பாறசாலை தாண்டி, எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதைக் கடைப் பலகையின் எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற எங்கள் பகுதியில், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி விஜயதாஸ். பஹ்ரைனில் குழாய் பதிக்கிற கம்பெனியில் வேலை பார்த்து, வளைகுடாச் சண்டை முடிந்த கையோடு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் டேப்ரிகார்டரும் கம்பளியும் சென்ட் குப்பியும் கொண்டுவந்த காலத்தில் இவர் கொண்டுவந்தது ஒரு மெட்டல் டிடெக்டர். நீளத் தண்டு, தண்டின் முனையில் சாப்பாட்டுத் தட்டு போல ஒரு வட்டம், காதுக்கு ஹெட்போன். அமரவிளை செக்போஸ்டில் அதைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, "இதெந்தா, மீன் பிடிக்கானோ?" என்று கேட்டாராம். அந்த அவமானத்தை விஜயதாஸ் இன்னும் மறக்கவில்லை.

இவரை அடையாளம் காண்பது எளிது. ஹெட்போன் கழுத்தில் கிடக்கும். சாயக்கடையில், கல்யாண வீட்டில், துக்க வீட்டில்கூட. பேச்சு எங்கே தொடங்கினாலும் சத்தத்தில் வந்து முடியும். "இரும்புண்ணா கொர்ர்ருண்ணு உறுமும். கலர் பாட்டில் மூடி டிக்கு டிக்குண்ணு ஒடையும். வெள்ளி, கோயில் மணி மாதிரி கிணுங்குண்ணு வரும்." பிறகு கண்ணை மூடிக்கொள்வார். "தங்கம் பேசும், கேட்டியளா? கேக்கத் தெரியணும், அவ்வளவாக்கும்."

சாயக்கடைக்காரர் சோமன் கண்ணாடிக் கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டு, "தாஸண்ணா, சாயையில எதாவது சத்தம் உண்டா?" என்பார். விஜயதாஸ் சிரிக்க மாட்டார். சர்க்கரை குறைவு என்பார். குடித்துப் பார்க்காமலேதான்.

எதையாவது கண்டுபிடித்திருக்கிறாரா என்று கேட்கிறீர்களா? என்ன அநாகரிகமான கேள்வி! பொழியூர்க் கடற்கரையில் ஒரு காலை முழுவதும் நடந்து, இது வலையில் கட்டுகிற ஈயக்குண்டு, இது ஆணி, இது சிகரெட் ஈயத்தாள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போய், ஒன்றுக்கும் குனியாமல் வெறுங்கையோடு, ஆனால் எல்லாம் தெரிந்தவராகத் திரும்பி வந்தவர் அவர். குப்பையின் சத்தத்தை அடக்குவதற்கென்றே கருவியில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகி வைத்தால் மூடியும் ஆணியும் ஈயத்தாளும் வாயைத் திறக்காது. அந்த மௌனத்தில் நடப்பதுதான் அன்றிலிருந்து அவருக்குச் சுகம்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் சபையின் அசனத்தன்று ஒரு பெண்ணின் நிம்மதி போய் மாட்டிக்கொண்டது. அசனம் என்றால் ஊரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற சர்ச் விருந்து. சத்தியபாயின் மகள் ஜிஜா சாம்பார் பரிமாறிவிட்டு, பந்தலின் பின்னால் கை கழுவுகிற இடத்தில் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை போட்ட மோதிரம் விரலை விட்டுக் கழன்று சேற்றில் போய்விட்டது. மாப்பிள்ளை ஜித்தின், அமரவிளைக்காரன். அவனுடைய அம்மா புஷ்பபாய் இரண்டாம் பந்திக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். புஷ்பபாய் "வாங்க" என்று உபசரித்தாலே பக்கத்து வீட்டுக் கோழி சிதறும். அப்படி ஒரு குரல். நிச்சய மோதிரத்தைச் சேற்றில் விட்டவளை அந்தக் குரல் என்ன செய்யும்? எங்களில் யாருக்கும் அதில் சந்தேகமே இருக்கவில்லை. கல்யாணம் நடந்த மாதிரிதான்.

"அண்ணே, சத்தம் போடாம தேடணும். அவிய அறியக் கூடாது" என்றார் சத்தியபாய், சத்தத்தையே தொழிலாகக் கொண்டவரிடம்.

விஜயதாஸ் ஹெட்போனை மாட்டினார். கருவியை இடம் வலமாக வீசி ஒரு சுற்று நடந்தார். இன்னொரு சுற்று. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கருவியும் மூச்சு விடவில்லை.

"இங்க பொன்னு இல்லை. பிள்ளை வேற எங்கயோ கொண்டு போட்டிருக்கு."

"இங்கதான் மாமா ஊரிச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்றாள் ஜிஜா.

"கருவி இல்லைண்ணு சொல்லுது மக்ளே."

"கருவி ஒண்ணும் சொல்லல்ல. நீங்கல்லா அதுக்க வாயைக் கெட்டி வச்சிருக்கிய!"

விஜயதாஸுக்கு முகம் கறுத்தது. கல்ஃப் வெயிலில்கூட அவ்வளவு கறுத்திருக்காது. மெல்லிய மோதிரமும் ஈயத்தாளும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும், தாளை அடக்கினால் மோதிரமும் சேர்ந்து அடங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சாயக்கடையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனாலும் குமிழைத் திருகிச் சத்தத்தைத் திறந்துவிடுவது அவருக்கு வேட்டியை அவிழ்ப்பது மாதிரி. திறந்தார். ஹெட்போனையும் கழற்றிவிட்டார், ஊர் கேட்கட்டும் என்று. அப்பப்பா! வருஷாவருஷம் பந்தல் பிரித்தபோது உதிர்ந்த ஆணிகளும் கம்பித்துண்டுகளும், கலர் பாட்டில் மூடிகளும், சிகரெட் தாள், மாத்திரைத் தாள், வாளியின் காது, எல்லாம் ஒரே நேரத்தில் கொர்ர், டிக்கு, கீச் என்று கத்தத் தொடங்கின.

"பாத்தியா? இந்தக் கச்சடைக்குப் பயந்தாக்கும் நான் அடைச்சு வச்சது!"

ஜிஜா காய் நறுக்குகிற பிச்சாத்தியை எடுத்துக்கொண்டு, பட்டுச் சேலையோடு சேற்றில் உட்கார்ந்தாள்.

"மூடி" என்றார் விஜயதாஸ். தோண்டினாள். மூடி.

"ஆணி." ஆணி.

"மூடி, அதும் பழைய மூடி." துருப்பிடித்த மூடி.

இந்த இனத்தின் ஆபத்தே இதுதான்: பெரும்பாலும் சரியாகவே சொல்லித் தொலைப்பார்கள். எப்போதும் தப்பாகச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? கூட்டத்தில் தலைகள் அவர் பக்கமாக ஆடத் தொடங்கின.

"மூடி மொத்தமும் எனக்குத் தாருங்க, காலிப் பாட்டிலு கடையில கெடக்கு" என்றார் அசனச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சோமன்.

"விடு மக்ளே, அண்ணனுக்குத் தெரியாததா?" என்று சத்தியபாயே சொல்லிவிட்டார். ரோட்டில் கார் திரும்புகிற சத்தம் கேட்டது.

"கொர்ர்ர்" என்றது கருவி. "ஆணி. முழு ஆணி" என்று சொல்லிவிட்டு விஜயதாஸ் அடுத்த அடி வைத்தார்.

ஜிஜா தோண்டினாள். முழு ஆணி. அதை வீசிவிட்டு, "மாமா, இதே குழியில இன்னொருக்கா காட்டுங்க" என்றாள்.

"அதான் ஆணி எடுத்தாச்சே, பிள்ளே!"

"அது கத்தினதுல மத்தது கேக்காம போச்சுண்ணா?"

எரிச்சலோடுதான் காட்டினார். இந்தத் தடவை உறுமல் இல்லை. மெலிசாக, ஈரமாக, 'ம்ம்ய்' என்று ஒரு சத்தம்.

"தாளு" என்றார் விஜயதாஸ்.

மோதிரம்.

ஆணியை ஒட்டிக் கிடந்திருக்கிறது. இரண்டு பொருள் நெருங்கிக் கிடந்தால் உரக்கக் கத்துகிறதுதான் காதில் விழும். மெதுவாகப் பேசுகிறது அதற்கடியில் கிடக்கும். ஜிஜா அழுதுகொண்டே மோதிரத்தைக் கழுவி விரலில் மாட்டவும், புஷ்பபாய் மகனோடு பந்தலுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். நாங்களும் போய் இரண்டாம் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

முடியுமா? ஜெயித்தவர் நம் விஜயதாஸ் அல்லவா!

"மைனி, வாங்க வாங்க! உங்க மோதிரத்தை இப்பதான் சேத்துல இருந்து எடுத்தேன்!" என்று கருவியும் கையுமாக ஓடினார். ஆணியின் குரல், தாளின் குரல், மோதிரத்தின் குரல் மூன்றையும் பாடிக் காட்டினார். "ஆணிக்க அடியில ஒண்ணு உண்டுண்ணு எனக்கு அப்பவே தெரியும்!"

சத்தியபாய் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். புஷ்பபாய் ஜிஜாவின் சேற்றுக் கையைப் பிடித்து இழுத்தார். மோதிரத்தைச் சுழற்றினார். அது தறிகெட்டுச் சுற்றியது.

"எலே ஜித்தின்!" பந்தலில் இலைகள் பறந்தன என்றே எனக்குத் தோன்றியது. "அளவு பாக்காமலாலே மோதிரம் வாங்கினே? பிள்ளைக்க வெரல்ல தொங்கிக் கெடக்கே!" பிறகு, எங்களில் யாரும் கேட்டறியாத ஒரு குரலில், "நூலு இருந்தா கொண்டா சத்தியபாய், நானே சுத்தித் தாறேன். எனக்க நிச்சய மோதிரம் மீன் களுவும்போ போச்சு. இண்ணு வரை இவனுக்க அப்பாவுக்குத் தெரியாது. கார் பூட்டிட்டு வாறாரு, யாரும் வாயைத் தெறந்து மிண்டப்பிடாது" என்றார்.

விஜயதாஸ் கருவியை அணைத்தார். "அந்தக் கொரலைக் கேட்டாலே தெரியும், தங்கமான மனசுண்ணு" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் "எலே ஜித்தின்" என்ற அந்த முதல் சத்தம் வந்தபோது, கல்யாணம் நின்றுபோயிற்று என்று அந்தப் பந்தலில் ஒருவர் முடிவு கட்டி, பந்தியிலிருந்து எழுந்து பாதிச் சாப்பாட்டோடு கை கழுவப் புறப்பட்டார். அது நான். என் பக்கத்து இலையிலிருந்து எழுந்தது நீங்கள்தானே?