ஏழாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

கீழ் வீட்டு டீச்சரின் புகார்க் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைச் சுட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சுவரில் 'டிரில்லிங்' போடுவதை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தார்.

அது டிரில்லிங் இல்லை. 'இடிதாங்கி' என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம்.

கடைக்காரருக்கு இருபது வயதில், யாரைப் பார்த்தாலும் கோபம் வந்த காலத்தில், அந்த நால்வரும் அவருக்காகவே கத்தினார்கள். பிறகு அவர் கடை வைத்தார், கல்யாணம் செய்துகொண்டார், அப்பாவைப் பறிகொடுத்தார். அவர்களும் ஆல்பத்துக்கு ஆல்பம் கத்தலைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கூடவே வளர்ந்த நாலு அண்ணன்மார் மாதிரிதான் அவருக்கு.

"மன்னிப்பு மட்டும் கேட்டுட்டு வாங்க. விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுடாதீங்க," என்றாள் மனைவி.

அவர் விளக்கம் சொன்னார். முதல் ஆல்பத்தை வைத்து ஒரு குழுவை எடைபோடக் கூடாது என்று, மூன்றாவதைப் போனில் போட்டுக் காட்டினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன் தண்ணீரில் விழுந்துவிட்டதா என்று விசாரித்தார்.

ஐந்தாவது ஆல்பமாவது புரியும் என்று, மறுநாள் காலையிலேயே டீச்சர் காதில் விழட்டும் என ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துப் போட்டார். அது மாடி வீட்டு நர்ஸின் காதில் விழுந்தது. நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர். இரண்டாவது புகார் வந்தது.

பேசினால்தானே வம்பு, எழுதிவிடுவோம் என்று தீர்மானித்தார். 'கோபத்திலிருந்து கனிவுக்கு' என்று தலைப்பிட்டு, இடிதாங்கியின் வளர்ச்சியை இரண்டு பக்கம் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். மறுநாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது. இருபத்துநாலு வீட்டில் ஒரு வீட்டிலும் ஒரு குடம் பிடித்துவைக்கவில்லை.

ஞாயிறு காலை குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டம் கீழ்த்தள ஹாலில் கூடியது. இனி அந்தக் குழுவின் பாட்டு கட்டடத்துக்குள் ஒலிக்கவே கூடாது என்று செயலாளர் தீர்மானமே எழுதி எடுத்துவந்திருந்தார். கடைக்காரர் எழுந்தார்.

"ஏழாவது ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. ஒன்பது நிமிஷம்தான். கேட்டுட்டுக் கை தூக்குங்க."

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹாலின் பெரிய ஸ்பீக்கர்களை எடுத்துவைக்கச் சொன்னார்கள்.

"முதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்," என்றார் கடைக்காரர். "அன்னைக்கு டிரம்மைக் கிழிச்ச மனுஷன் இதுல காத்திருக்கார். அப்படிக் காத்திருக்கக் கத்துக்க அவருக்கு இருபது வருஷம் ஆச்சு."

போனில் பாட்டைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கிதார் எங்கே தயங்கும், குரல் எங்கே தழுதழுக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தந்த இடத்தில் அவர் தலை தானாக ஆடியது.

ஹாலில் யாரும் இருமக்கூட இல்லை. செயலாளர் பேனாவை மூடிவைத்தார். நர்ஸ் டீச்சரின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிப்போனார்.

ஒன்பது நிமிடம் கழித்துக் கடைக்காரர் கண்ணைத் திறந்தபோது, டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் கிளாஸ்ல 'சத்தம் போடாதே'ன்னு கத்தினவ நான்," என்றார், நர்ஸை எழுப்பிவிடாத குரலில். "இப்படி ஒரு அமைதியைக் கேட்டதே இல்லை. தினமும் போடுங்க தம்பி."

செயலாளர் தீர்மானத்தை நாலாகக் கிழித்தார். வாராவாரம் ஞாயிறு இதே ஹாலில் இடிதாங்கி என்று புதுத் தீர்மானம் வந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. பதினைந்து வருஷமாக அதை இரைச்சல் என்று சொல்லிவந்த மனைவி, அத்தனை பேர் முன்னாலும் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தானே மேடையேறி வாசித்துவிட்டு இறங்கியது போல் நின்றார் அவர்.

அப்போது எலக்ட்ரீஷியன் கையில் வயரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், பிளக் பாயின்ட் போயிருந்தது. இப்பதான் ஸ்பீக்கருக்கு கரன்ட் வந்திருக்கு, பாட்டை ஆரம்பிக்கலாம்."