கரண்ட் இல்லாமல் அடித்த மணி

ஆவி ஒன்றை உண்டாக்குவதென்று பால்ச்சாமி முடிவெடுத்தபோது, அது தம் சொற்படி நடக்கும் என்றே நம்பினார்.

இராஜபாளையத்தில் வீட்டை ஒட்டி அவருடைய பேண்டேஜ் துணிக் கோடவுன் இருந்தது. பீடியை விட்டுவிட்டதாக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில் மனைவி மாரிக்கனியிடம் சத்தியம் செய்திருந்தார். விடவில்லை. உச்சிவேளையில் வேலையாட்கள் சாப்பிடப் போனதும் கோடவுனுக்குள் நுழைந்து ஒன்றைப் பற்றவைப்பார். வாடை காட்டிக்கொடுத்தது.

"ஏங்க, கோடவுனுக்குள்ள பீடி நாத்தம் அடிக்கே?"

"நம்ம பழைய காவக்காரன் வீரணன்தான்."

"அவிய செத்துப் போயாச்சுல்லா?"

"செத்தா பீடிய விட்டுருவானா? உச்சி நேரத்துல அந்தப் பக்கம் போயிராத, ஏட்டி. அடிச்சிரும்."

"அம்புட்டும் துணி. ஒரு பொறி விழுந்தா நம்ம பொழப்பே சாம்பலாயிரும். அது வீரணனுக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தான மேல தண்ணிக் குழாய் மாட்டிருக்கு."

கூரையடியில் புதிதாகச் சிவப்புக் குழாய்கள் ஓடின; இடையிடையே ஸ்பிரிங்க்ளர்கள் தொங்கின. தீயின் சூடு பட்டால் அவற்றின் கண்ணாடிக் குமிழ் உடைந்து நீர் கொட்டும். பீடிப் புகைக்கு உடையாது. மாரிக்கனி திருநீறு பூசிக்கொண்டாள். பால்ச்சாமிக்குப் பரம நிம்மதி.

அடுத்த உச்சிவேளையில் தீக்குச்சியை உரசினார். தலைக்கு மேலே குழாய் பெருமூச்சு விட்டது. வெளிச்சுவரில் இருந்த தீ மணி லேசாக முனகி அடங்கியது. வயரில் ஏதோ கோளாறு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் தெரு முழுவதும் கரண்ட் இல்லை. இன்று மணிக்கு வாயில்லை என்ற தைரியத்துடன் பற்றவைத்தார். அரையிருட்டில் துணிக் கட்டுகள் கோடித்துணி போர்த்திய பிணங்களைப் போல வரிசையாகக் கிடந்தன. முதல் புகையை இழுத்தார். யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் குழாய் உறுமிற்று. கரண்டே இல்லாத மணி கணகணவென்று அடிக்கத் தொடங்கியது, நிற்கவேயில்லை.

பீடியை மிதித்து அணைத்ததுதான் அவருக்கு நினைவிருக்கிறது. வாசலில் மாரிக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, வீரணன் வந்துட்டான்."

"அவியதான் தெனமும் வாராகளே. நீங்கதான சொன்னிய?"

"நான் சொன்னது பொய். குடிச்சது நான்தான். இது நெசமாவே வந்துட்டு."

மாரிக்கனி நனைந்திருந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"குழாய்க் கோடியில ஒரு திருகு இருக்கு. அதத் தெறந்தா தண்ணி ஓடும். ஓடுற தண்ணியே மணிய அடிச்சிரும். கரண்ட் வேண்டாம். மாட்டுன அன்னைக்குக் குழாய்க்காரர் ஐயாதுரை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாரு. நீங்க எங்க போயிருந்திய?"

பீடி குடிக்கப் போயிருந்தார்.  போன உயிர் திரும்பிற்று, சிரிக்கக்கூட முயன்றார்.

"நேத்தும் நீதான் முனக வச்சியா? நல்லா ஏமாத்திட்ட."

மாரிக்கனியின் கை பிழிவதை நிறுத்தியது.

"நேத்தா? நேத்து உச்சிக்குச் சோத்த மூடி வச்சிட்டு, மம்சாபுரத்துல அக்கா வீட்டுக்குல்லா போயிருந்தேன்?"

பால்ச்சாமி மடியிலிருந்த பீடிக்கட்டைத் தாமே எடுத்து அவளிடம் நீட்டினார்.