மணிக்கூண்டும் பத்துப்பாத்திரமும்

"மொத்தம் எத்தனை படி?"

"இருநூத்திப் பதினாலு சார்" என்றார் காவலாளி.

குமாஸ்தாவுக்குச் சுர்ரென்று ஏறியது. நகர மன்றத்தின் பழைய மணிக்கூண்டு. மேலே போனால் ஊரே தெரியுமாம். தெரிந்து என்ன கிழிக்கப் போகிறது? ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ராத்திரி பத்துப்பாத்திரம் யார் தேய்ப்பது என்று மூன்று மாதமாக வீட்டில் சண்டை. "ஆபீஸ்ல மாடா உழைச்சிட்டு வர்றவன்டி நான்!" என்று அவர் கத்தியபோது மனைவி அமைதியாகச் சொன்னாள்:

"ஒருநாள் லீவு போட்டு என்னை மணிக்கூண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உச்சியில நின்னு இதையே சொல்லுங்க. அப்புறம் பாத்திரப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

இருநூற்றுப் பதினாலா? குறுக்குவழி தேடினார்.

"எனக்கு முட்டிவலி. ஊழியர் லிஃப்டைத் திறங்க."

"முட்டிவலின்னா உள்ளேயே விட மாட்டோம் சார்."

"வலியெல்லாம் இல்லைய்யா! சும்மா சொன்னேன்!"

"அதை எப்படி நம்பறது? பத்து தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க."

வரிசையே வேடிக்கை பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். ஏழாவது தடவை பேன்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.

மனைவி ஊக்கு கொடுத்தாள். கோபத்தில் குத்தினார். ஊக்கு துணியோடு நிற்கவில்லை.

"ஆ! எல்லாம் உன்னாலதான்!"

கிழிசலைச் சுவரோடு ஒட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினார்.

"மேலே பாருங்க, கல்லுலயே கொடி செதுக்கியிருக்காங்க. அந்தக் கலர் கண்ணாடி ஜன்னல் எவ்வளவு அழகு!"

"கொடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஏறு!"

"அடுத்த வளைவுல ஒரு படி உடைஞ்சிருக்கு, பார்த்து."

அவர் எங்கே கேட்டார்? தடுக்கி விழுந்து, மிச்சப் படிகளைத் தவழ்ந்தே கடந்தார்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. ஆறு, பாலம், ஓட்டுக் கூரைகள், நேர் எதிரே அவருடைய அலுவலகத்தின் மூன்றாவது மாடி. மனைவிக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அதைப் பார்க்க அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"போதுமா? சொல்லிட்டேன், கேட்டுக்கோ! ஆபீஸ்ல மாடா உழைக்கிறவன் நான்! இனிமே பாத்திரம்னு வாயைத் திறக்கக் கூடாது!"

தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் கேட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா! வழக்கம்போல எதிர் ஆபீஸ் மூணாவது மாடி ஜன்னலுக்கே திருப்பி வெச்சிருக்கேன். ஆனா, அந்தத் தூங்குமூஞ்சியை இன்னிக்குக் காணோமேம்மா, லீவு போல!"