கப்பல்காரம்மாவின் திருகு

தூரத்தில் இருப்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரியும். கடல் தாண்டி, நூறு வருடத்துக்கு அப்பால் ஒரு அநியாயம் நடந்திருந்தால் போதும், கண் கலங்கிவிடும். பக்கத்து இலைக்குச் சாம்பார் வரவில்லை என்பதுதான் தெரியாது.

இந்தக் குறை வெளிப்பட்டது ஒரு ஆயுத பூஜை அன்று, கணபதி என்ற ஊரில், என் சித்தப்பாவின் கிரைண்டர் பட்டறையில். அப்போது நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. சித்தி வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் லேத் தெரியும்.

அந்தச் சமயத்தில் நான் ஒரு பெண்மணியின் மேல் பைத்தியமாக இருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி, ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி, பாஷை தெரியாத நாட்டில் போய் இறங்கியவள். பிறத்தியார் வீட்டுத் துணி துவைத்துப் பிழைத்தாள். பனிக்காலத்தில் துணி பிழிந்து கை வெடித்துப்போனது. இரண்டு மர உருளைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நடுவே துணியை விட்டு, கைப்பிடியைச் சுற்றினால் பிழிந்து தள்ளும்படி ஒரு யந்திரம் செய்தாள். அப்புறம் கிழங்கு சீவ ஒன்று, அடுப்புச் சாம்பல் சலிக்க ஒன்று. காப்புரிமைத் தாளில் எல்லாம் கணவன் பெயர். அவளுக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘மனைவியின் உதவியோடு.’ அவள் தங்கைக்கு எழுதிய கடிதங்கள் மிஞ்சியதால்தான் உண்மையே வெளியே வந்தது.

அந்த ‘உதவியோடு’ என்ற சொல் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. (மூன்றாம் நாள் பிரியாணி. இறங்கிவிட்டது.)

சித்தி அவளுக்கு ‘கப்பல்காரம்மா’ என்று பெயர் வைத்தார்.

“ஏன் அம்மணி, கப்பல்காரம்மா இன்னைக்கு என்ன பண்ணுனா?” என்று தோசை ஊற்றியபடியே கேட்பார். நானும் தட்டில் சட்னி காய்கிற வரைக்கும் சொல்வேன்.

அதே மாதம் சித்தப்பா பட்டறையின் புதுச் சாமான் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்க முடிவு செய்தார். கிரைண்டரின் குழவிக் கல்லைக் கையால் தூக்காமல், ஒரு நெம்புகோலை அழுத்தினால் கல் தானே எழும்பி, மாவு வழிக்க வாகாய்ச் சாய்ந்து நிற்கும். படித்த பிள்ளை என்று விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். ‘கண்டுபிடித்தவர்’ என்ற கட்டத்தில் வேலுச்சாமி என்று சித்தப்பா பெயரைப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பட்டறை அவருடையதுதானே.

சித்தி தாளை வாங்கி, அந்தக் கட்டத்தில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தார். “எழுத்து நல்லா எடுப்பா இருக்குது கண்ணு” என்று திருப்பிக் கொடுத்தார். நான் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

சித்தப்பா பூஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, வக்கீலிடம் கொடுப்பதாக ஏற்பாடு. பூஜை போட்டுவிட்டால் மறுநாள்வரை எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது. எனவே பூஜைக்கு முன்னால் பத்து நிமிடம் எனக்குத் தரவேண்டும் என்று கெஞ்சி வாங்கினேன். படத்தைப் பார்த்துக் கப்பல்காரம்மாவின் பிழியும் யந்திரத்தை நானே தச்சரிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தேன்.

அன்று காலை யந்திரத்தைப் பூஜைப் பலகைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். பலகையில் சாமி படம், பொரி, சுண்டல், மேலே விண்ணப்பக் கோப்பு. பட்டறையின் மூத்த ஆள் ஆறுமுகண்ணன் ஸ்பேனர்முதல் தராசுவரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, “இதுவும் மெஷின்தானுங்களே அம்மணி” என்று என் உருளைகளுக்கும் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் அப்பினார். நான் நெகிழ்ந்துபோனேன். அவளுக்கு இதுவரை யார் பொட்டு வைத்திருப்பார்கள்!

பேச ஆரம்பித்தேன். பஞ்சம், கப்பல், பனி, வெடித்த கை. “சொந்த வீட்டிலேயே அவளை யாரும் பார்க்கவில்லை!” என்று முழங்கியபோது சித்தப்பாவே கண்ணைத் துடைத்தார். பூஜைக்கு வந்திருந்த வக்கீலின் வெள்ளைத் துண்டைக் கேட்டு வாங்கி, வாளித் தண்ணீரில் முக்கி, உருளைகளுக்கு நடுவே கொடுத்து, வேகமாகச் சுற்றினேன்.

துண்டு போனது. கூடவே என் துப்பட்டாவும் போனது. அது எனக்குத் தெரிவதற்குள் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன் (உற்சாகம்). கழுத்து இறுகி, கன்னம் போய் உருளையில் ஒட்டிக்கொண்டது. கைப்பிடி முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. காலை உதைத்தேன். வாளி கவிழ்ந்தது. உருளைகளிலிருந்து வழிந்த குங்குமம் கலந்த தண்ணீர் நேராகப் பலகைக்குப் போய், சுண்டலை நனைத்து, கோப்பில் தேங்கியது.

“கத்திரி கொண்டாங்க!” என்றார் சித்தப்பா.

“துண்டு புதுசுங்க...” என்றார் வக்கீல்.

சித்தி மட்டும் பேசாமல் வந்து, உருளைக்கு மேலே இருந்த சின்னப் பூப்போன்ற திருகை இரண்டு திருப்புத் திருப்பினார். மேல் உருளை சட்டென்று எழும்பியது. நான் தரையில் உட்கார்ந்தேன். பாதி முகம் சிவப்பு.

“இந்தத் திருகு எதுக்குன்னு நெனச்சே?”

“படத்துல இருந்துச்சு சித்தி. அழகுக்குன்னு...”

“துணி தொவச்சுப் பொழைக்கறவ அழகுக்குத் திருகு வெப்பாளா கண்ணு?” சித்தி அந்தத் திருகை விரலால் தடவினார். “இவ கை ஒருக்கா இதுக்குள்ள மாட்டியிருக்குது. அதுக்கப்புறம் வெச்சிருக்கா.”

ஆறு மாதமாக அவளைப் படித்தவள் நான். அவளைத் தெரிந்துகொண்டது சித்தி.

வக்கீல் சிவந்த தாள்களை உதறிப் பார்த்தார். “இது ஆகாதுங்க. புதுசாத்தான் அடிக்கோணும். விவரம் சொல்லுங்க, நானே குறிச்சுக்கறேன். கண்டுபிடிச்சது யாருங்க?”

“வேலுச்சாமி” என்று நான் தரையிலிருந்தே சொன்னேன்.

ஆறுமுகண்ணன் தொண்டையைச் செருமினார். “அக்காதானுங்களே செஞ்சாங்க? தோளு எறங்கி, கையில கட்டுப் போட்டிருந்தப்ப. சைக்கிள் பிரேக்கு கம்பில மொதல்ல செஞ்சு பாத்தாங்க. நாந்தானுங்க வெல்டு வெச்சேன்.”

எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மூன்று மாதம் சித்தியின் வலது கை தூளியில் கிடந்தது. ஒற்றைக் கையால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதமும் தோசை நிற்கவில்லை. மாவு எப்படி வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து கப்பல்காரம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னொரு தோசை கேட்டேன்.

சித்தப்பா தரையைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதுங்களா... ஊட்டுல யாரு பேருல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானேன்னு...”

“ஏனுங்க” என்றார் சித்தி, குரலை உயர்த்தாமல். “ஒண்ணுதான்னா, என்னோட பேரைப் போட்டாலும் ஒண்ணுதானுங்களே.”

சித்தப்பா நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார். “பூங்கொடின்னு எழுதுங்க.” பிறகு, “எழுத்துப் பெருசா இருக்கோணுங்க” என்றார்.

அன்று பூஜை ஒரு மணி நேரம் தாமதம். நான் பாதிச் சிவப்பு முகத்தோடு ஈரச் சுண்டலைப் பங்கிட்டேன். புதுத் தாளையும் நானேதான் அடித்தேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும், நான்கு எழுத்துக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு வேலை, சம்பளம், ஓரளவு மரியாதை எல்லாம் உண்டு. சித்தி வீட்டில் மட்டும் கிடையாது. கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடினால் போதும், சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வரும்:

“பொறு கண்ணு. கப்பல்ல வந்தாத்தானே உனக்குத் தெரியும்.”